இரண்டு வார விதி

முகத்தை டச்சிங் செய்கிறவர்களிடம் ஒரு விதி உண்டு. சென்னையில் பெரிய ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பவரும் சொல்வார், யூட்யூபில் பாடம் எடுக்கும் வெள்ளைக்காரரும் சொல்வார். இரண்டு வாரத்தில் தானாகப் போகிறதை எடுக்கலாம். இரண்டு வாரம் கழித்தும் இருக்கப்போகிறதை, கேட்காமல் தொடக்கூடாது. பரு போகும், எடு. மச்சம் போகாது, விடு. ஷேவ் செய்யும்போது பட்ட வெட்டு போகும். சின்ன வயதில் சைக்கிளில் விழுந்த புருவத் தழும்பு போகாது. கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமை நேற்று ராத்திரி தூங்காததால் வந்ததா, பத்து வருஷமாகவே அப்படியா என்று யோசி.

நான் பதினொரு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். கோவில்பட்டியில் ஒரு ஸ்டூடியோவில் ஆரம்பித்து, இப்போது சொந்தமாக ஒரு சிறிய அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேப்லெட் பேனா. கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் படம், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ், மாலை போட்டு மாட்டுகிற படம். இந்த விதியை நான் ரொம்ப நாள் நம்பினேன். தெளிவான விதி, கையில் வைத்துக்கொள்ள வசதியான விதி. வாடிக்கையாளர் "மூக்க கொஞ்சம் சின்னதாக்குங்க" என்று கேட்டால், "அது ரெண்டு வாரத்துல சின்னதாகாதுல்ல" என்று சொல்லிச் சிரித்துவிடலாம். அவரும் சிரித்துவிடுவார். பெரும்பாலும்.

அந்த விதி எங்கே உடைந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "எதையும் தொடாமல் அப்படியே விட்டால் அதுதான் உண்மை, நீங்கள் செய்வது எல்லாம் பொய்" என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். இலக்கியம் வாசிக்கிறவர்கள்தான். அவர்களுடைய ப்ரொஃபைல் படங்கள் போனே தானாக மெழுகிக் கொடுத்தவை என்பது வேறு விஷயம்.

கேமராவில் இருக்கும் மீட்டருக்கு உங்கள் முகம் தெரியாது. தன் முன்னால் இருக்கும் காட்சியைச் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு அது வெளிச்சத்தைக் கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் கருத்த ஒருவரை நிறுத்தினால், சுவரைச் சாம்பலாக்கப் பார்க்கும். சுவர் சாம்பலாகும்போது ஆள் நிழலாகிவிடுவார். நம் ஊர் பழைய குரூப் போட்டோக்களில் பாதிப் பேருக்குக் கண்ணும் பல்லும் மட்டும் தெரிவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். கோடாக் நிறுவனம் லேப்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்பிவந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்றே அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் ப்ரிண்ட் சரி என்று கணக்கு. எழுபதுகளில் மொசாம்பிக்கில் வேலை செய்யப் போன சினிமா இயக்குநர் கொதார், கோடாக் ஃபிலிம் கருப்பு மனிதர்களைப் பதிவு செய்யத் தகுதியில்லாதது என்று சொல்லி அதைப் பயன்படுத்த மறுத்தார். ஆகவே தொடாத படம் என்று ஒன்று இல்லை. நான் தொடுவதற்கு முன்பே யாரோ எங்கோ உட்கார்ந்து தொட்டுவிட்டார்கள். கருத்த ஒருவரின் முகத்தில் வெளிச்சத்தை ஏற்றுவது சில சமயம் நான் சொல்கிற பொய் இல்லை. கேமரா சொன்ன பொய்யைத் திருத்துவது.

ஆனால் எவ்வளவு ஏற்றலாம்? இங்கேதான் கை வழுக்கும். இதற்கு நான் கண்டுபிடித்துக்கொண்ட வழி, பக்கத்தில் இருக்கும் வேட்டியைப் பார்ப்பது. அல்லது சட்டைக் காலரை, மல்லிகைப்பூவை. வெளிச்சம் குறைவாக இருந்திருந்தால் முகத்தோடு சேர்ந்து வேட்டியும் மங்கியிருக்கும். மொத்தமாக ஏற்று. வேட்டி வெள்ளையாகும், முகம் தெளிவாகும். நிறுத்து. வேட்டி ஏற்கெனவே வெள்ளையாக இருக்கும்போது முகத்தை மட்டும் இன்னும் ஏற்றுகிறாய் என்றால், நீ வெளிச்சத்தைத் தொடவில்லை, அவருடைய நிறத்தைத் தொடுகிறாய். லைட்ரூமில் ஆரஞ்சு நிறத்துக்கு மட்டும் லூமினன்ஸ் ஸ்லைடர் ஒன்று உண்டு. நம் ஆட்களின் தோல் பெரும்பாலும் ஆரஞ்சிலும் அதன் பக்கத்து நிறங்களிலும்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை வலதுபக்கம் தள்ளினால் வேட்டி அப்படியே இருக்க ஆள் மட்டும் சிவப்பாவார். "ஸ்கின் டோன் ப்ரீசெட்" என்று காசுக்கு விற்கிறார்களே, பலவற்றுக்குள் இருப்பது இந்த ஒரு தள்ளல்தான். நான் அந்த ஸ்லைடரைத் தொடுவதில்லை என்று சொல்ல ஆசை. தொட்டிருக்கிறேன். கல்யாண சீசனில் மாப்பிள்ளை அம்மா பின்னால் நின்றுகொண்டு "பொண்ணு ஏன் இப்படி இருக்கு" என்று கேட்கும்போது, மணப்பெண் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போது, சீக்கிரம் அந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்று தள்ளியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு உதவி செய்தேனா, அவளை அவமானப்படுத்தியவர்களோடு சேர்ந்துகொண்டேனா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டருக்கு முந்தைய ஆள். நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்தவர். பின்னால் கண்ணாடியும் வெளிச்சமும் வைத்த சாய்வுப் பலகை ஒன்று வைத்திருந்தார். பென்சில் பிடிக்க வேண்டும் என்பதற்காக நெகட்டிவ் மேல் ஒரு மருந்தைத் தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் இருக்கும் கரும்புள்ளி அங்கே ஓட்டை மாதிரி வெளிச்சம் விடும். அந்த ஓட்டையைப் பென்சிலால் அடைத்தால் ப்ரிண்டில் புள்ளி காணாமல் போகும். அவர் விளக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. நெகட்டிவில் பென்சில் வைத்தால் ப்ரிண்ட் வெளுக்கத்தான் செய்யும், கருக்காது. கருக்க வேண்டுமென்றால் பிளேடால் சுரண்ட வேண்டும். அது கஷ்டம், தப்பினால் நெகட்டிவே போச்சு. ஆக, வெளுக்கிறது சுலபம், கருக்கிறது கஷ்டம் என்பது அந்தக் கருவிக்குள்ளேயே இருந்திருக்கிறது. நம் ஊர் ஆசைக்கு ஏற்ற கருவிதான் போல.

1855-இல் பாரிஸ் கண்காட்சியில் ம்யூனிக்கைச் சேர்ந்த ஹான்ஃப்ஸ்டேங்கல் என்ற புகைப்படக்காரர், ஒரே முகத்தின் டச்சிங் செய்த படத்தையும் செய்யாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். ஜனம் அசந்து போனது. புகைப்படம் என்ற ஒன்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டு அப்போது பதினாறு வருஷம்தான். உண்மையைக் காட்டும் இயந்திரம் என்று கொண்டாடிய பதினாறு வருஷத்துக்குள்ளேயே அதைத் திருத்திக் காட்டு என்று வரிசையில் நின்றுவிட்டார்கள். இதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் இரண்டு படத்தையும் சேர்த்து மாட்டினாரே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இப்போது அந்த அம்மா.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். கையில் போன். "அண்ணே, அம்மாவுக்குப் படம் போடணும். வர்ற புதன் பதினாறு." அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ரேஷன் கார்டில் இருப்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஏதோ சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்திக்குப் பக்கத்தில் நிற்கும்போது யாரோ போனில் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியது மட்டும் இருந்தது. ஓரத்தில் நிற்கிறார். தோளில் இன்னொருவரின் கை. வாட்ஸப் சுருக்கிய படம், ஆனால் முகம் தெளிவு. எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிறார். போஸ் கொடுத்த சிரிப்பு இல்லை.

கீழுதட்டின் இடது ஓரத்திலிருந்து தாடையை நோக்கி ஒரு வெள்ளைத் திட்டு. வெண்புள்ளி. இதை வெண்குஷ்டம் என்று சொல்லி ஒரு நோயின் பயத்தை இன்னொன்றின் மேல் ஏற்றிவிட்டோம். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் அந்த இடத்தில் இல்லாமல் போவதுதான். குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒட்டாது. பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பதும் இல்லை.

"அந்த வெள்ளைய எடுத்துருங்கண்ணே" என்றார். நான் என் விதியைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார். "தங்கச்சிக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம். வர்றவங்க மொதல்ல சுவத்தத்தான் பாப்பாங்க."

அந்த வாக்கியத்துக்குப் பிறகு என் விதி ஒன்றுமில்லாமல் போய்விட்டது. நிரந்தரமானதைத் தொடாதே என்கிறது விதி. செத்துப்போனவர் விஷயத்தில் எது நிரந்தரம்? இரண்டு வாரத்தில் போகும், போகாது என்பதெல்லாம் இருக்கிறவர்களுக்கு. அவருடைய உதடு ஏற்கெனவே சாம்பல். நாளைக்கு அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு "இது நான் இல்லையே" என்று கேட்க அவர் வரப்போவதில்லை. அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் கல்யாணம். தட்டின் இந்தப் பக்கம் வெறும் ஒரு தத்துவம். எடுத்துவிட்டேன்.

எப்படி எடுத்தேன் என்பதும் முக்கியம். ஹீலிங் பிரஷ் உதட்டோரத்தில் வேலை செய்யாது. உதட்டின் சிவப்பும் தாடையின் மாநிறமும் சந்திக்கிற கோட்டில் வைத்தால் இரண்டையும் குழப்பி அழுக்கு மாதிரி தீற்றிவிடும். அதனால் வேறு வழி. வெண்புள்ளியில் நிறம்தான் போயிருக்குமே தவிர தோலின் கோடுகள், உதட்டின் வரிகள் எல்லாம் அப்படியே இருக்கும். ஆகவே மேலே ஒரு லேயர் போட்டு, அதைக் 'கலர்' மோடில் வைத்து, வலதுபக்க உதட்டின் நிறத்தை எடுத்து மெதுவாகத் தடவினேன். கூடவே அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கர்வ்ஸ், வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்க. இருபது நிமிஷம். ஒரு வரிகூட அழியவில்லை. நல்ல வேலை. எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு பின்னணியை வெட்டி எடுத்து, தோளில் இருந்த அடுத்தவர் கையை எடுத்து, வழக்கமான நீலத்தில் வைத்து, 12-க்கு 18 ப்ரிண்ட். பட்டுச்சேலை டெம்ப்ளேட்டில் தலையை மட்டும் ஒட்டுகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதை மட்டும் செய்யவில்லை. அவருடைய சேலையையே விட்டேன். அதையும் ஒரு நேர்மை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஃபைலை ஜேபெக்காக அதே பெயரிலேயே சேமித்தேன். லேயர்கள் எல்லாம் ஒட்டி ஒன்றானது. அசல் போனது. டிஸ்கில் இடம் இல்லை, அது சீசன், ஒரு நாளைக்கு எத்தனை முகம். காரணம் சொல்ல முடியும். எந்தக் காரணமும் காரணமாகாது.

போட்டோஷாப் 1990-இல் வந்தபோது அதில் லேயர் கிடையாது. 1994-இல் மூன்றாவது பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்னால் செய்ததெல்லாம் படத்தின் மேலேயே செய்தது, நெகட்டிவைப் பிளேடால் சுரண்டுகிற மாதிரி. லேயர் வந்த பிறகுதான் ஒரு முகத்தைத் திருத்திவிட்டுத் திருத்தாத முகத்தையும் அடியில் பத்திரமாக வைத்திருக்க முடிந்தது. ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் ஒரு குட்டிக் கண் இருக்கும். அதை அழுத்தினால் கண் மறையும், கூடவே நாம் செய்ததும் மறையும், அடியில் இருப்பது தெரியும். ஹான்ஃப்ஸ்டேங்கல் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிய இரண்டு படமும் ஒரே ஃபைலுக்குள். புதுசாகக் கற்றுக்கொள்ள வருகிற பையன்களிடம், அசல் லேயரைத் தொடாதே, நகல் எடுத்து அதில் செய், பிஎஸ்டியாகச் சேமி என்று நான்தான் சொல்வேன். டெக்னிக்கல் விஷயம் என்று நினைத்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பெண் வந்தார். இருபத்து நாலு, ஐந்து வயது. ஃபிரேமுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து விலாசம் தேடி வந்திருக்கிறார். பையில் துணியில் சுற்றிய அதே படம்.

"அண்ணே, இதுல வாய்ப் பக்கத்துல ஒண்ணு இருந்துச்சு. அதத் திருப்பி வைக்க முடியுமா?"

யாருக்காக எடுத்தேனோ அந்தத் தங்கச்சி.

நான் முதலில் செய்தது கம்ப்யூட்டரில் தேடுவது போல நடித்ததுதான். இல்லை என்று தெரியும். ஐந்து நிமிஷம் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து மூடினேன். அண்ணன் போனில் இருக்குமே என்றேன். அந்தப் போன் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. அனுப்பிய சொந்தக்காரர்? அவரிடமும் கேட்டாகிவிட்டது, அழித்துவிட்டாராம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த உதடு உலகத்தில் கடைசியாக இருந்த இடம் என்னுடைய டிஸ்க். அதன் மேல் நான் 'சேவ்' அழுத்தியிருக்கிறேன்.

கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை. "தெனமும் வெளக்கேத்தும்போது பாக்கேன்ணே. அம்மா என்னையப் பாக்கவே மாட்டேங்குது" என்றார். "யாரோ அம்மா சேலையக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

டச்சிங்கில் எல்லோரும் செய்யும் ஒரு தப்பு, முந்நூறு சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்வது. அப்போது திரையில் ஆள் இருக்கமாட்டார். உதடு இருக்கும், துளை இருக்கும், நிறம் இருக்கும். அவ்வப்போது முழுப் படத்துக்கு வெளியே வந்து பார்க்க வேண்டும் என்று பாடம். நான் வெளியே வந்து பார்த்தேன்தான். ஆனால் வெளியே வந்து பார்த்தாலும் அந்த அம்மா எனக்கு அந்நியர். ஒரு முகத்தில் எது குறை, எது அந்த முகத்தையே தாங்கிக்கொண்டிருக்கிற ஆணி என்று அந்நியனுக்கு எந்த தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியாது. ரோலான் பார்த் தன் அம்மா இறந்த பிறகு புகைப்படங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், 1980-இல் வந்தது. பழைய படங்களையெல்லாம் புரட்டுகிறார். எதிலும் அம்மா கிடைக்கவில்லை. கடைசியில் அம்மாவுக்கு ஐந்து வயதில் எடுத்த ஒரு படத்தில் கிடைக்கிறார். தனக்கு நினைவே இருக்க முடியாத வயது. அந்தப் படத்தைப் புத்தகத்தில் அவர் அச்சிடவில்லை. உங்களுக்கு அது யாரோ ஒரு குழந்தை என்று காரணம் சொல்கிறார். கல்லூரியில் படித்தபோது இதைக் கொஞ்சம் மிகையான நாடகம் என்று நினைத்திருந்தேன்.

பிரான்சில் 2017-லிருந்து விளம்பர மாடல்களின் உடம்பை மெலிதாகவோ பருமனாகவோ திருத்தினால் படத்தில் அதைச் சொல்ல வேண்டும். நார்வேயிலும் 2022-லிருந்து விளம்பரங்களுக்கு அப்படி ஒரு சட்டம். நல்ல சட்டங்கள். ஆனால் அவை எல்லாமே பார்க்கிறவன் ஏமாறக்கூடாது என்ற கவலையில் வந்தவை. என் கதையில் ஏமாறப்போகிறவர்கள் பெண் பார்க்க வருகிறவர்கள். அவர்களைப் பற்றி எனக்கு இன்னமும் பெரிய வருத்தமில்லை. மாமியாராக வரவேண்டியவளின் உதட்டை வைத்து ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்கிறவருக்கு நான் என்ன உண்மையைக் கடன்பட்டிருக்கிறேன்? இது சரியான வாதமா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். முழுக்கச் சரியில்லை. நான் அந்தத் திட்டை மறைத்தபோது, மறைக்கவேண்டிய ஒன்றுதான் அது என்று ஒப்புக்கொண்டேன். பயந்தவர்களுக்கு நான் பொய் சொன்னேன் என்பதைவிட, பயம் சரிதான் என்று ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டேன் என்பது பெரிய தப்பு. அதிலும் அந்தச் சாட்சி அவர்கள் வீட்டு ஹாலிலேயே மாலையோடு தொங்குகிறது, தினமும் அந்தப் பெண் பார்க்கிற இடத்தில்.

ஆனால் அண்ணனையும் என்னால் வில்லனாக்க முடியவில்லை. அம்மா செத்துப் பதினாறு நாள் ஆகவில்லை, தங்கச்சி கல்யாணத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய நிலைமையில் ஒரு மனுஷன். அம்மாவிடமிருந்து அவர் எடுத்தது தனக்காக இல்லை.

என்னிடம் எல்லோரும் கேட்பது, செத்தவர்களின் கண்ணைத் திறப்பீர்களாமே, அது பொய்யில்லையா என்று. உண்மைதான், எங்கள் தொழிலில் அது உண்டு. ஒரு படம்கூட இல்லாமல் போய்ச்சேர்ந்தவர்களை, நாற்காலியில் உட்கார்த்தியபோது எடுத்த படத்தை வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்து கொடுப்போம். மகனுடைய கண்ணை எடுத்து அப்பாவுக்கு வைத்திருக்கிறேன். அண்ணாச்சி காலத்தில் பிரஷ்ஷால் வரைவார்கள். சிலைக்கு ஸ்தபதி கடைசியாகக் கண் திறப்பாரே, அது மாதிரி அதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும் என்பார் அண்ணாச்சி. இதில் எனக்கு ஒருநாளும் குற்றவுணர்ச்சி வந்ததில்லை. அந்தக் கண் அசல் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கும்பிடுகிறார்கள். அதற்கும் நான் எடுத்த உதட்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒன்றில் சேர்த்தேன், ஒன்றில் கழித்தேன் என்பதல்ல. கண்ணைத் திறக்கும்போது அவரைத் தெரிந்தவர்கள் பக்கம் நின்று வேலை செய்தேன். உதட்டை எடுக்கும்போது அவரைத் தெரியாதவர்கள் பக்கம்.

"அசல் இல்ல. நான்தான் அழிச்சிட்டேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்களே வரைஞ்சிருவீங்களா?" என்றார்.

வரையலாம். ஆனால் அது எந்த மாதிரி வெள்ளை, எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது, எனக்கு மறந்துவிட்டது. ஏழெட்டு மாதத்தில் நான் எத்தனை முகம் பார்த்திருப்பேன். "நீங்க பக்கத்துல உக்காந்து சொல்றீங்களா" என்று கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புது லேயர். அடியில் இருந்ததைப் பூட்டி வைத்தேன். மெல்லிய பிரஷ், பத்து சதவீதம்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். இல்ல, ஒதட்டுக்குள்ள ஆரம்பிக்கும்ணே, வெளிய இல்ல." திரையில் காட்டத் தெரியாமல் தன் உதட்டிலேயே விரலை வைத்துக் காட்டினார். "இங்கன. இங்கருந்து இப்படி வரும். ஓரம் நேரா இருக்காது, கடலோரம் மாதிரி இருக்கும்." சுத்த வெள்ளையா என்று கேட்டேன். "இல்ல, ரோசு கலந்தாப்ல. வெயில்ல போயிட்டு வந்தா செவந்துக்கும்." பிரஷ்ஷின் நிறத்தை மாற்றினேன். நடுவில் ஒருதடவை, "அதான், அதான்" என்றார். பிறகு, "இல்ல, முன்னாடி வச்சதுதான்." பின்னால் போனேன்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது அவரே சொன்னார். "அம்மாவும் மறைக்கத்தான் செய்யும்ணே. யாராச்சும் போட்டோ எடுத்தா ஒதட்ட உள்ள இழுத்துக்கும். முந்தானையக் கொண்டாந்து வச்சுக்கும். அந்தக் கல்யாணத்துல என்னவோ பேசிச் சிரிச்சதுல மறந்திருச்சு. வீட்ல மறைக்காது."

கை நின்றுவிட்டது. அப்படியானால் நான் எடுத்தது அந்த அம்மாவின் விருப்பமா? இப்போது திருப்பி வைப்பதுதான் மீறலா? செத்தவர்களுக்காகப் பேசுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்தது. ரெண்டு பக்கமும் அவர் பெயரைச் சொல்லிப் பேசலாம். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், அம்மாவுக்கு இது பிடிக்குமா என்று. அவர் ரொம்ப யோசிக்கவில்லை. "வெளிய ஆளுங்களுக்குத்தான்ணே மறைக்கும். எனக்கு எதுக்கு மறைக்குது" என்றார்.

மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆனது. அழித்ததற்கு இருபது நிமிஷம்தான். முடிந்ததும் முழுப் படத்துக்கு வெளியே வந்தோம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அழவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு தெரிந்த ஆளைத் தெருவில் தூரத்தில் பார்க்கும்போது பார்ப்போமே, அப்படி. எனக்குத் தெரியும், அது அந்த அம்மாவின் உதட்டுத் திட்டு இல்லை. மகளின் ஞாபகமும் என் பிரஷ்ஷும் சேர்ந்து செய்தது. அசலோடு ஒப்பிட அசல் இல்லை. என் பதினொரு வருஷத்தில் நான் செய்த மிகச் சுத்தமான பொய் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அறையில் அதைப் பொய் என்று சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள், "ஆமாண்ணே, இதான்" என்றார்.

ஃபிரேமைக் கழற்றிப் படத்தை மாற்றிவிடவா என்று கேட்டேன்.

"வேண்டாம்ணே. ஹால்ல அதே இருக்கட்டும். அண்ணன் சங்கடப்படும். வர்றவங்க வேற வாராங்க." பழைய படத்தை மறுபடியும் துணியில் சுற்றினார். "இதச் சின்னதாப் போட்டு லேமினேஷன் மட்டும் பண்ணிக் குடுங்க. பீரோவுல சேலைக்கு ஊடால வச்சுக்கிறேன்."

5-க்கு 7-ல் போட்டேன். காசு வாங்கவில்லை. அவர் வற்புறுத்தி ஐம்பது ரூபாயை மவுஸுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். லேமினேஷன் சூடு ஆறும்வரை இரண்டு கையிலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அந்த ஃபைலைப் பிஎஸ்டியாக இரண்டு டிஸ்கில் வைத்திருக்கிறேன்.